ஜிம்மி விழுங்கியது

அன்று காலை வாசல் தெளிக்கப் போனவள், வாந்தியில் கால் வைத்துவிட்டேன். மஞ்சளாக, நுரை நுரையாக, கோழையும் பித்தமும் கலந்து, நடுவில் கொஞ்சம் புல். வெறுங்காலின் விரலிடுக்கில் அது வெதுவெதுப்பாக ஏறியது. இதை எழுதும்போதுகூட என் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொள்கிறது. கருமம், கருமம் என்று திட்டிக்கொண்டே குழாயடிக்கு ஓடினேன்.

நாய் வளர்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் என்னைப் போல, நாய்மேல் பெரிய ஆசை எதுவும் இல்லாமல், வீட்டில் இருக்கிறதே என்று சோறு போடுகிறவர்களுக்காக. நாயைக் கொஞ்சுகிறவர்கள் எப்படியும் கவனித்துக்கொள்வார்கள். நம்மைப் போன்றவர்கள்தாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, அடுப்படிக்குப் போய்விடுவோம்.

எங்கள் வீடு கோயம்புத்தூரில், கணபதிப் பக்கம். முன்னால் லேத்துப் பட்டறை, பின்னால் குடித்தனம். நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. பட்டறையில் என் வீட்டுக்காரரும் இரண்டு ஆட்களும் பம்ப்செட்டுக்கான சாமான்களைக் கடைந்துகொண்டிருப்பார்கள். எங்கள் ஒரே மகள் கவிதா அப்போது எட்டாம் வகுப்பு. ஜிம்மியைப் பட்டறை வாசலில் யாரோ குட்டியாக விட்டுப்போக, அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். சுத்தமான நாட்டு நாய், பழுப்பு நிறம், பேர் மட்டும் சீமைப் பேர். ஒரு வயது தாண்டியும் புத்தி வரவில்லை. செருப்பு, துடைப்பம், தேங்காய் மட்டை, எது கிடைத்தாலும் கடித்துக் குதறும்.

எனக்கு எச்சில், வாந்தி, மலம் எதுவும் ஆகாது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் காறினால் எழுந்து நின்றுகொண்டே ஊர் போய்ச் சேருகிறவள் நான். கவிதா கைக்குழந்தையாக இருந்தபோதே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துணி மாற்றுவேன். "நான் நாள் முச்சூடும் ஆயில்லயும் கிரீஸ்லயும் பொரண்டுட்டுக் கெடக்கறேன். உனக்கு ஒரு சொட்டு எச்சில் பட்டா ஊரையே கூட்டிப்போடற" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். கிரீஸ் வேறு, வாந்தி வேறு என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த மனுஷனுக்கு ஏறாது.

அன்று மதியத்துக்குள் நாய் மறுபடி மறுபடி கக்கியது. தயிர் சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பின்பக்கச் சுவரோரம் முக்கி முக்கி உட்கார்ந்து, சளி மாதிரி ஏதோ கொஞ்சம் வெளிக்குப் போனது. நாற்றம் அடுப்படிவரை வந்தது. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, எட்டத்திலிருந்தே வாளித் தண்ணீரை வீசி, ஃபினாயிலைக் கொட்டி, சீமாறால் தள்ளினேன். அது என்ன நிறம், அதில் என்ன இருந்தது, எதையும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு யார் சோறு தின்பது?

"நாய்ன்னா புல்லத் தின்னு கக்கத்தான் செய்யும். அதும்பட வைத்தியம் அதுக்குத் தெரியும்" என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னதில் பாதி சரி. பின்னால் டாக்டர் எங்களுக்குச் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாய் ஒரு தடவை கக்கிவிட்டு, பிறகு வழக்கம்போல ஓடி ஆடிக்கொண்டிருந்தால், ஒரு வேளை பட்டினி போட்டுப் பார்க்கலாம். ஆனால் குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வெளியே வந்தால், திரும்பத் திரும்பக் கக்கினால், ரத்தம் தெரிந்தால், வயிறு உப்பினால், கூப்பிட்டும் எழுந்து வராமல் மூலையில் சுருண்டால், அந்தப் பொழுதே கிளம்பிவிட வேண்டும். குட்டி நாய்க்கு இன்னும் அவசரம். நாங்கள் கிளம்பவில்லை.

மறுநாளும் தண்ணீர் குடித்தது, குடித்த சூட்டிலேயே கக்கியது. முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. வயிற்றில் கை வைத்தால் முனகியது. கவிதா பள்ளிக்கூடம் போகாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. நாய்க்காக இத்தனை துக்கமா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

பக்கத்து வீட்டு சரசக்கா மதில்மேல் தலையை நீட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, இது தொக்கமுங்க. பாத்தாலே தெரியுதுங்களே" என்றார்.

தொக்கம் என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கைக்குழந்தை பால் கக்கி, பேதியாகி, சவலை பாய்ந்து கிடந்தால், குடித்தது தின்றது ஏதோ உள்ளே சிக்கிக்கொண்டது என்பார்கள். அதை எடுக்கவென்றே ஊருக்கு ஒருவர் இருப்பார். வயிற்றை நீவி, ஊதி, கடைசியில் உள்ளங்கையில் ஒரு துணுக்கைக் காட்டுவார். கவிதாவுக்குமே எடுத்திருக்கிறோம். அது மனிதக் குழந்தைக்கு. நாய்க்குத் தொக்கம் எடுத்த குடும்பம் இந்தக் கொங்கு நாட்டில் எங்களைத் தவிர வேறு உண்டா, தெரியாது.

"நாய்க்கெல்லாம் எடுக்கறதில்லீங்க" என்றுதான் எங்கள் பக்கம் தொக்கம் எடுக்கிற அம்மாவும் முதலில் சொன்னார். சரசக்கா விடவில்லை. "வாயில்லாச் சீவனுங்க, புண்ணியமாப் போகுமுங்க" என்று கெஞ்சி, எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார்.

வீட்டுக்காரர் நாயின் தாடையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா வயிற்றிலிருந்து நெஞ்சுவரை எண்ணெய் போட்டு நீவினார். காதில் ஊதினார். பிறகு விரலை வாய்க்குள் விட்டுத் துழாவினார். கோழை முழங்கைவரை வழிந்தது. நார் மாதிரி ஒரு துணுக்கு கையில் வந்தது. "இதானுங் சாமி அடைச்சுட்டிருந்துச்சு, எடுத்துப்போட்டேன்" என்று எல்லோருக்கும் காட்டினார். காட்டிவிட்டு அந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அவர் வீட்டில் இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு காத்திருப்பதாக வேறு சொன்னார். அதே விரலா! சீ! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஓங்கரிக்கிறது.

ஆனால் நாங்கள் நம்பினோம். துணுக்கு கண்ணெதிரே இருக்கிறதே! போதாததற்கு அன்று சாயங்காலம் நாய் கக்கவும் இல்லை. சரசக்கா ஏதோ தானே எடுத்ததுபோலப் பெருமைப்பட்டுக்கொண்டார். நான் ஒரு கிண்ணம் பால் ஊற்றி வைத்தேன். வயிறு கெட்ட நாய்க்குப் பால் ஊற்றவே கூடாது என்பது அப்போது தெரியாது. அது கக்காமல் இருந்தது குணமாகி அல்ல, கக்கத் தெம்பில்லாமல்தான் என்பதும் தெரியாது.

விடிந்ததும் அத்தனையும் வெளியே வந்தது. இந்தத் தடவை மஞ்சள் இல்லை, பழுப்பு. நாற்றம் வாந்தி நாற்றமும் இல்லை. பின்னால் வர வேண்டிய நாற்றம் முன்னால் வந்தது. பட்டறையில் வேலைக்கு வந்த ஆட்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நாய் தான் கக்கியதன் மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கிடந்தது. வீட்டுக்காரர் அப்போதுதான் பயந்தார்.

"சாக்கு எடு புள்ள. மாட்டாஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். கவிதா அழுதுகொண்டே ஓடிவந்து முதல் ஆளாக ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோக்காரர் வழி நெடுகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான் ஓட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த மருத்துவமனையின் நடையை நான் மறக்க மாட்டேன். சாணி, மூத்திரம், மருந்து, ஈரக் கோழி இறகு எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. வரிசையில் எங்களுக்கு முன்னால் கன்றுக்குட்டியோடு ஒரு விவசாயி, வெள்ளாட்டுக் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண். "தெரு நாயத் தூக்கிட்டு ஆட்டோவுல வந்திருக்காங்க பாரு" என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சாக்கை அவர் மடியில் வைத்திருப்பேன். நாய் கிடந்த நிலையைப் பார்த்து விவசாயி ஒதுங்கி வழிவிட்டார். "நீங்க முன்னால போங்க தாயி" என்றார்.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நடையிலேயே ஒரு சிமெண்ட் மேடைமேல் நாயைப் போடச் சொன்னார். கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டார். தூக்கிய தோல் அப்படியே கூடாரம்போல நின்றது. நீரிழப்பு (உடம்பில் தண்ணீர் வற்றிப்போவது) என்றார். உதட்டை விலக்கி ஈறைத் தொட்டுப் பார்த்தார். ஈறு வெளிறி, ஈரமில்லாமல் ஒட்டியது. பிறகு என்னைப் பார்த்தார்.

"வெளிய போச்சுங்களா? என்ன நெறத்துல போச்சு?"

"பாக்கலீங்க."

"ரத்தம் இருந்துச்சா? சளி? ஏதாச்சும் நூலு, பிளாஸ்டிக்கு?"

"கழுவி உட்டுட்டனுங்க."

"வாந்தியையும் கழுவியாச்சா?"

"ஃபினாயில் ஊத்திக் கழுவுனனுங்க" என்றேன். ஏதோ பெருமையாகச் சொன்னதுபோல இருந்தது எனக்கே.

"ஏனுங்கம்மா, அது வாயத் தொறந்து பேசுங்களா? அது பேசறதே அதுலதானுங்க. அதையும் கழுவிப்போட்டு வந்து நின்னா நான் எதை வெச்சுச் சொல்றது?" என்றார். கோபப்படவில்லை. சலித்துக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்றது.

வயிற்றை இரண்டு கையாலும் மெதுவாக அழுத்திப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. உருளையாக ஏதோ தட்டுப்படுகிறது என்றார். அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, பார்வோ (தடுப்பூசி போடாத இளம் நாய்களுக்கு வரும் கொடிய வைரஸ் பேதி). அதில் குடல் வீங்கி, ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டும் தட்டுப்படலாம். இன்னொன்று, குடலடைப்பு (விழுங்கிய பொருள் குடலில் சிக்கி வழியை மறிப்பது). ஜிம்மிக்கு நாங்கள் எந்த ஊசியும் போட்டிருக்கவில்லை.

"அந்த வைரஸா இருந்து நான் வயித்தக் கிழிச்சா, இந்தத் தெம்புக்கு மேசையிலயே போயிரும். அடைப்பா இருந்து நான் கிழிக்காம உட்டா, இன்னைக்கோ நாளைக்கோ போயிரும். நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க. ஏதாச்சும் முழுங்குச்சா?"

"இல்லீங்க டாக்டர். ஊட்டுச் சோறுதானுங்க" என்றார் வீட்டுக்காரர்.

"சாக்கு, பந்து, துணி?"

"அப்படி எதுவும் இல்லீங்க."

கவிதா நாயின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் முந்தானையை இழுத்து, "அம்மா, இங்க வாங்க" என்று தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"துணி முழுங்கிருச்சுங்மா."

"என்ன துணி?"

உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "என்ற துணிங்" என்றாள்.

அவள் பெரியவளாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. சீர் செய்த அன்று வந்திருந்த பெண்கள் ஆளுக்கொரு சட்டம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நாட்களில் அடுப்படி நிலைப்படி தாண்டாதே. பூவைத் தொடாதே. துணியை ஆம்பிளை கண்ணில் படும்படி காயப்போடாதே. பாம்பு தாண்டினாலோ, நாய் வாய் வைத்தாலோ வயிற்றில் கருவே தங்காது. எனக்கும் இதையேதான் சொல்லி வளர்த்தார்கள். அதனால் அவள் துவைத்த துணியை வெயிலில் போடாமல், குளியலறைச் சுவருக்கும் தென்னை மட்டை அடுக்குக்கும் நடுவே இருந்த சந்தில், வேறொரு துணிக்கு அடியில் ஒளித்துக் காயவைத்தாள். அந்த ஈரச் சந்தில் அது காயுமா? நாய் உருவிக்கொண்டது. இவள் பிடுங்கப் பார்த்தாள். அதற்கு விளையாட்டு. இழுக்க இழுக்க விழுங்கிவிட்டது.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அருவருப்புத்தான். அதை அந்த நாயின் வாயில் நினைத்துப் பார்த்தேன். அந்த வாயால்தானே வீட்டில் எல்லோரையும் நக்கியது? உடம்பெல்லாம் கூசியது. அடுத்தது கோபம். "இத்தன நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்று பல்லைக் கடித்தேன். அவள் விம்மினாள். மேடைமேல் ஜிம்மி காலை ஒரு முறை உதைத்துக்கொண்டது.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? திரும்பி வந்து டாக்டர் முன்னால் நின்றேன்.

"துணி முழுங்கியிருக்குதுங்க."

"என்ன துணி? கைக்குட்டையா, துண்டா?"

பக்கத்தில் வீட்டுக்காரர், கன்றுக்குட்டிக்காரர், ஆட்டுக்காரப் பெண், ஊசி போடுகிற ஆள், பின்னால் சிரித்த அந்தப் புண்ணியவான், எல்லோரும் நிற்கிறார்கள்.

"பொம்பளைக தூரத்துக்கு வெக்கற துணிங்க" என்றேன்.

ஊசிக்காரர் "சே" என்று முகத்தைத் திருப்பினார். வீட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த கோமாரி நோய் விளம்பரத்தை ஒரு எழுத்து விடாமல் படிக்க ஆரம்பித்தார். பத்து வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்திய மனுஷன்!

டாக்டர் மட்டும் முகம் மாறவில்லை. "எவ்வளவு நீளம் இருக்கும்?" என்றார்.

நான் கையை விரித்துக் காட்டினேன். ஏறக்குறைய ஒரு முழம்.

"ஒண்ணா, ரண்டா?"

"ஒண்ணுதானுங்க" என்றாள் கவிதா. என் முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "இடுப்புல கட்டற நாடாவும் இருந்துச்சுங்க."

"நாடாவா?" டாக்டர் நிமிர்ந்தார். "நல்லவேளை சொன்ன கண்ணு. நாடான்னா நிறுத்தி வெக்க முடியாது." துணி ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளும். நாடா முன்னால் போகும். குடல் அதைத் தள்ளத் தள்ள, சுருக்குப்பை வாய்போலச் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் நாடாவே குடலை அறுத்துவிடும் என்றார். சொல்லிக்கொண்டே உள்ளே தூக்கச் சொன்னார்.

முதலில் காலில் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். பிறகு மயக்க மருந்து. நாங்கள் வெளியே நடையில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கவிதா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கன்றுக்குட்டிக்காரர் வேலை முடிந்து போகிறபோது, "பொழச்சுக்குமுங்க. நாட்டு நாய் உசுரு கெட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் கதவைத் திறந்து, வந்து பாருங்கள் என்றார். பீங்கான் தட்டில் அதை வைத்திருந்தார். அந்த நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை. எழுத வார்த்தையும் இல்லை. எந்நேரமும் என்னைக் கேலி செய்கிற வீட்டுக்காரர், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, வேப்பமரத்தடியில் குடம் குடமாகக் கக்கினார். நான் நின்றேன். எப்படி நின்றேன் என்று கேட்காதீர்கள். முறுக்கிய கயிறுபோல, பச்சையும் கறுப்புமாகக் கிடந்தது. டாக்டர் இடுக்கியால் ஒரு முனையை விரித்தார். ஓரத்தில் வெங்காயக் கலரில் கரை தெரிந்தது. என்னுடைய பழைய நூல் சேலை. நான்தான் அவளுக்குக் கிழித்துக் கொடுத்திருந்தேன்.

"குடல் சிவந்திருக்குது, இன்னும் கருக்கலை. அதனால வெட்டி எடுக்காமத் தெச்சிருக்கறேன். நாளைக்கு வந்திருந்தீங்கன்னா பிரயோசனமில்லீங்க" என்றார். பிறகு ஊசிக்காரரைப் பார்த்து, "துணிதானப்பா? இதுக்கு ஏன் இப்படி மூஞ்சியச் சுளிக்கற?" என்றார்.

பிழைத்த பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வாய்வழியாக எதுவுமே தரக் கூடாது, சலைன் மட்டும். பிறகு கரண்டி கரண்டியாகத் தண்ணீர். அது தங்கினால் சோற்றுக் கஞ்சித் தெளிவு. அதுவும் தங்கினால் குழைந்த சோறும், உப்பு காரம் இல்லாமல் வேகவைத்த கோழியும், கொஞ்சம் கொஞ்சமாக. எண்ணெய் கூடாது, எலும்பு கூடாது, பால் கூடவே கூடாது. பசிக்கிறதே பாவம் என்று அள்ளிப்போட்டால் தையல் விட்டுவிடும். தையலை நக்காமல் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி அதன் கழுத்தில் மாட்டிவிட்டார். அது எல்லாக் கதவிலும் முட்டிக்கொண்டு திரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன வெளியே போகிறது என்று பார்க்கச் சொன்னார் டாக்டர். நான் பார்த்தேன். முதலில் கறுத்து, களியாக. அப்புறம் சளியோடு. குச்சியை வைத்துக் கிளறிப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டேன். வாடை பழகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பழகாது. பார்க்க மட்டும் பழகிக்கொள்ளலாம்.

"ஏனுங்க அம்மணி, நாய்ப் பீயில சோசியம் பாக்கறீங்களா?" என்று சரசக்கா மதில்மேலிருந்து சிரித்தார்.

"ஆமாங்க. உங்களுக்கும் பாக்கட்டுங்களா?" என்றேன். தொக்கத்தில் பாதி அந்த அம்மா எடுத்தது, மீதியைத்தான் டாக்டர் எடுத்தார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

ஒரு நாள் காலை அது கெட்டியாக, பழுப்பாக, ஒழுங்காக இருந்தது. நான் பட்டறை வரைக்கும் ஓடிப்போய் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் வந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு தினுசாகப் பார்த்தார்.

கவிதா மட்டும் தெளியவில்லை. நாய் வாலாட்டியது, இவள் சிரிக்கவில்லை. தையல் பிரிக்கப் போன அன்று, டாக்டர் கத்தரியைக் கீழே வைத்ததும், இவள் திடீரென்று கேட்டாள்.

"டாக்டர், நாய் அதத் தின்னுபோட்டா... அது யாரோடதோ, அவங்களுக்கு ஏதாச்சும் ஆகுமுங்களா?"

டாக்டருக்கு விளங்கவில்லை. "நாய்க்குத்தான் ஆச்சு. அதையும் தெச்சாச்சு. அவங்களுக்கு என்னத்த ஆகும்?"

"இல்லீங்க, பின்னால. கொழந்த பொறக்காம..."

அவள் முடிக்கவில்லை. நாய் துவண்டு கிடந்த நாளெல்லாம், நடையில் கண்ணை மூடி முணுமுணுத்தபோதெல்லாம், இந்தப் பிள்ளை நாய்க்கு மட்டும் அழவில்லை. தன் வயிற்றுக்கும் சேர்த்து அழுதிருக்கிறாள். நாய் செத்தால் தானும் பட்டுப்போவோம் என்று நம்பியிருக்கிறாள். பதின்மூன்று வயதில்! எட்டாவது படிக்கிற பிள்ளையின் மண்டைக்குள் எதைக் கொண்டுபோய் நிரப்பியிருக்கிறோம், தூ!

"யாரு கண்ணு உனக்கு இதச் சொன்னது?" என்றார் டாக்டர். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அதெல்லாம் சும்மாங்க. துணியில ஒண்ணுமில்ல. ஒளிச்சு வெச்சு ஈரத்துல நாறவுட்டாத்தான் புண்ணாகும், அரிப்பு வரும். நல்லா வெயில்ல போடு. நாய்க்கு எட்டாம ஒசரத்துல போடு, அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை என்பது தெரிந்தது. டாக்டர் ஒரு தடவை சொன்னதும், ஊரே கூடி ஓதியதும் ஒன்றாகுமா?

வீட்டுக்காரர் அந்தப் பேச்சின்போது பக்கத்தில்தான் நின்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் இரண்டு இரும்புக் குழாயை வெல்டிங் வைத்து, வீட்டுப் பக்கவாட்டில், பொழுதுக்கும் வெயில் விழுகிற இடத்தில் நட்டு, கம்பி இழுத்துக் கட்டினார். ஜிம்மியை ஒரு ரொட்டித்துண்டு காட்டித் தாவவிட்டு, அது எட்டுகிற உயரத்துக்கு மேல் கொக்கி வைத்தார்.

அடுத்த மாதம் கவிதாவுக்கு வரவில்லை. வயதுக்கு வந்த புதிதில் நாள் தள்ளிப்போவது சகஜம். எனக்குத் தெரியும், அவளிடம் சொல்லவும் செய்தேன். சொல்லி என்ன? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குளியலறைக்குப் போவாள், வெளியே வருவாள், முகம் செத்திருக்கும். நானும் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செத்தேன். கல்யாணமான நாளிலிருந்து, ஏன், அதற்கு முன்பிருந்தே, அந்த நாட்களை நான் அழுக்கு என்றுதான் நினைத்திருக்கிறேன். எப்போது முடியும், எப்போது தலை முழுகுவோம், எப்போது மனுஷியாவோம் என்றுதான் காத்திருப்பேன். எப்போது வரும் என்று ஏங்கிக் காத்திருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். என் மாதக் கணக்கே தலைகீழாகிவிட்டது.

புரட்டாசியில் ஒரு காலை. வீட்டுக்காரர் வாசல் படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் ஜிம்மிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். கவிதா பின்னாலிருந்து ஓடிவந்தாள். அப்பா இருக்கிறார் என்பதைக்கூட அவள் பார்க்கவில்லை.

"அம்மா, நான் தூரமாயிட்டனுங்!"

சத்தமாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அப்பாவைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர், பொத்திய கைக்குள்ளே சிரிப்பு.

வீட்டுக்காரரின் டம்ளர் பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"செரி கண்ணு" என்றார். "காப்பி குடிச்சியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். நான் எழவில்லை. கையெல்லாம் நாய்ச் சோறு.

"பால் அடுப்புமேல இருக்குது. போயி நீயே கலக்கிக்க" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்படி நிலைப்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். ஜிம்மியும் வாலை ஆட்டிக்கொண்டு கூடவே போனது. அதை மட்டும் அதட்டி வெளியே துரத்தினேன்.